ஃபஸ் 2-ன்னு வந்தா விடலாமா?

ஒரு ப்ரோக்ராமோட பழைய வெர்ஷனுக்கு எடுத்த பேட்சை, அதாவது சோர்ஸ்ல என்னென்ன மாத்தணும்னு சொல்ற ஃபைலை, புது வெர்ஷன்ல பேட்ச் கமாண்டால போட்டேன். மூணாவது ஹன்க் (பேட்ச்ல ஒரு இடத்து மாற்றம்) 412-வது லைன்ல சக்ஸீடட், வித் ஃபஸ் 2. இந்த மெசேஜ் இன்னும் மனசுல ஓடிட்டே இருக்கு. டீம் லீட் பக்கத்துல நின்னு பாத்துட்டு, "சக்ஸீடட்னுதானேப்பா சொல்லுது, பில்டும் ஆகுது, அனுப்பிடு"ன்னார். நான், "இல்ல சார், புது வெர்ஷனுக்குப் பேட்சைத் திரும்ப எடுத்துத் தரேன்"னேன். ரிலீஸ் மறுநாள்தான் போச்சு.

பேட்ச்ங்கறது டிஃப் கமாண்ட் ரெண்டு வெர்ஷனையும் ஒப்பிட்டுத் தர்ற வித்தியாசம்தான். அதோட யூனிஃபைட் டிஃப்ங்கற வடிவத்துல மாத்தின இடத்துக்கு மேல மூணு, கீழ மூணு லைன் கூடவே வரும், அதை வச்சுத்தான் பேட்ச் கமாண்ட் இடத்தைத் தேடுது. ஃபஸ் 2-ன்னா ரெண்டு ஓரத்துலயும் ரெண்டு ரெண்டு லைனைக் கண்டுக்காம விட்டுருச்சுன்னு அர்த்தம். எங்களுக்கு மிஞ்சினது மேல ஒரு மூடுற பிராக்கெட், கீழ ஒரு காலி லைன். அது அந்த ஃபைல் பூரா இருக்கு! ரீட் ஃபங்ஷனும் ரைட் ஃபங்ஷனும் அச்சு அசல் ஒரே மாதிரி, பேட்ச் சேக்கற லென்த் செக் தப்பான ஃபங்ஷன்ல போய் உக்காந்தாலும் கம்பைலர் வாயத் திறக்காது.

அதனால புது சோர்ஸை ரெண்டு டைரக்டரியா பிரிச்சு, ஒண்ணைத் தொடாம வச்சுட்டு, இன்னொண்ணுல ஒவ்வொரு மாற்றமா கையால போட்டு, ஆப்ஜெக்ட் ஃபைலெல்லாம் க்ளீன் பண்ணிட்டு, ரெண்டுக்கும் மேல இருக்குற டைரக்டரில இருந்து டிஃப் ஓட்டினேன். புதுசா ஒரு ஹெட்டர் ஃபைல் இருந்ததால பெரிய என் (-N) ஆப்ஷனும் சேத்துக்கிட்டேன், இல்லன்னா அது பேட்ச்லயே வராது. சுத்தமான காப்பில டிரை ரன் (ஃபைலை மாத்தாம ஒத்திகை) பண்ணா ஃபஸ்ஸும் இல்ல, ஆஃப்செட்டும் (லைன் எல்லாம் பொருந்தி, லைன் நம்பர் மட்டும் தள்ளிப் போறது) இல்ல.

ஆனா பழைய பேட்ச் போட்ட ஃபைலையும் இதையும் ஒப்பிட்டா ஒரு எழுத்துகூட வித்தியாசம் இல்ல. லீட் பாத்துட்டு, "ரெண்டும் ஒண்ணுதானப்பா"ன்னார். கோபமா சொல்லல. அதான் உறுத்துது.

அவர் பக்கமும் நியாயம் இருக்கு. பேட்ச் கமாண்ட் லாரி வால்ங்கற ப்ரோக்ராமர் 1985-ல வெளியிட்ட டூல், சோர்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் பேட்ச் உக்காரணும்ங்கறதுதான் அதோட வேலையே. பழைய ஃபைலைக்கூட .ஆரிஜ்னு எடுத்து வச்சிருந்துச்சு, அதோட டிஃப் பண்ணி அந்த ஒரு ஹன்க்கை மட்டும் கண்ணால பாத்திருந்தா அன்னைக்கே அனுப்பியிருக்கலாம். ஆனா அவர் அப்படிப் பாக்கச் சொல்லலையே, பில்ட் ஆகுதுன்னுதானே சொன்னார்? பில்ட் ஆகுறது ஒரு ஆதாரமா?

இன்னொண்ணும் இருக்கு. வெறும் ஆஃப்செட் வந்தா நான் விட்டுடறேன், லைன் எல்லாம் பொருந்துதேன்னு. ஆனா ஒரே மாதிரி ரெண்டு ஃபங்ஷன் இருந்தா எல்லா லைனும் பொருந்தியே தப்பான இடத்துல உக்காரலாம். அப்ப ஃபஸ்ஸுக்கு மட்டும் நான் பிடிவாதம் பிடிச்சது எந்தக் கணக்குல? அவர் இதைக் கேட்டிருந்தா எங்கிட்ட பதில் இருந்திருக்காது. ஆனாலும் அடுத்து ஃபஸ் 2-ன்னு வந்தா திரும்பவும் புதுசாத்தான் எடுப்பேன்னு நினைக்கறேன்.