பெறாமகனுக்காக ஏறிய கிளினிக் படிகள்

என் தங்கையின் மகனுக்கு எட்டு வயது. பரந்தனுக்கு அப்பால் ஒரு கிராமத்துப் பாடசாலையில் தரம் 3 படிக்கிறான். ஏழாம் வாய்ப்பாட்டை இன்று தடங்கலில்லாமல் ஒப்புவிப்பான். நாளைக்கு அதைக் கேள்விப்படாதவன்போல விழிப்பான். தேங்காய் வாங்க அனுப்பினால், மிச்சக் காசை வழியில் கேட்டவனிடம் கொடுத்துவிட்டு வந்து நிற்பான். அடித்தாலும் அணைத்தாலும் அடுத்த முறையும் அதேதான். பாடசாலை அவனைக் குழப்படிகாரன் என்றது. ஊர், தகப்பனில்லாத பிள்ளை என்றது. வன்னியில் எதற்கும் யுத்தத்தைக் காரணம் காட்டிவிடலாம். இவனோ யுத்தம் முடிந்து சில ஆண்டுகள் கழித்துப் பிறந்தவன்.

குடும்பநல உத்தியோகத்தர் துண்டு எழுதித் தந்தார். ஒரு வைத்தியசாலையிலிருந்து இன்னொன்று, கடைசியில் ஆனையிறவு தாண்டி யாழ்ப்பாணத்தில் ஒரு கிளினிக். காத்திருந்ததைப் பற்றி எழுதப் போவதில்லை, காத்திருந்தவர்களுக்குத் தெரியும். காது, கண், இரத்தம் எல்லாம் சரி என்றார்கள். ஓரிடத்தில் ‘கவனக்குறைவு’ என்று எழுதிக் கோப்பை மூடியும் விட்டார்கள்.

யாழ்ப்பாணத்து டொக்டர் அவனை ஜன்னல் வெளிச்சத்தில் உட்கார வைத்து, சிறிய பிளாஸ்டிக் அளவுகோலால் கண்ணின் உள்மூலையிலிருந்து வெளிமூலை வரை அளந்தார். பிறகு மூக்குக்கும் மேலுதட்டுக்கும் இடையிலுள்ள பள்ளத்தைப் பார்த்தார். “தம்பி, கொஞ்சம் சிரிக்காமல் இரு.” சிரித்தால் பள்ளம் தட்டையாகி உதடு மெலிந்து தெரியுமாம். அவனுக்குச் சிரிப்பை அடக்கத் தெரியாது. அதற்கே வெகுநேரம் போயிற்று.

கண் திறப்பு குறுகி, பள்ளம் மழுங்கி, மேலுதடு மெலிந்திருந்தால், தாய் வயிற்றில் மதுசாரம் பட்ட பிள்ளையை முகமே காட்டிக்கொடுக்கும். 1973இல் அமெரிக்காவின் சியாட்டிலில் ஜோன்ஸ், ஸ்மித் என்ற வைத்தியர்கள் இந்தப் பாதிப்புக்கு ‘Fetal Alcohol Syndrome’ (கருவில் மதுசாரம் பட்டதால் வரும் பாதிப்பு) என்று பெயர் வைத்தபோதும் முகம் முக்கிய அடையாளமாக இருந்தது. ஆனால் அந்த அடையாளங்கள் கர்ப்பத்தின் ஆரம்ப வாரங்களில் மது பட்டால் விழுபவை. மூளையோ பிரசவம் வரை வளர்ந்துகொண்டிருப்பது. முகம் தெளிவாக இருந்தும் மூளை பாதிக்கப்பட்டிருக்கலாம். 2016இல் வெளியான கனடிய வழிகாட்டியின்படி, முக அடையாளம் இல்லாத பிள்ளைக்கு இந்தப் பாதிப்புத்தான் என்று தீர்மானிக்க இரண்டு வேண்டும்: ஞாபகம், கவனம், மொழி போன்ற மூளைத் திறன்களில் மூன்றிலாவது கடும் குறை; தாய் மது அருந்தியது உறுதியாகத் தெரிந்திருத்தல். இதைக் கண்டுபிடிக்க இரத்தப் பரிசோதனை கிடையாது.

எங்கள் பிள்ளையின் முகத்தில் ஒன்றும் இல்லை. ஆகவே எல்லாம் தங்கையின் வாயில் இருந்தது.

அவளுடைய கர்ப்பகால அட்டையில் நிறை, பிரஷர், சீனி எல்லாம் ஒழுங்காகப் பதிந்திருந்தன. மதுவைப் பற்றி ஒரு சொல் இல்லை. பெண்பிள்ளையிடம் யார் கேட்பார்கள்? புருஷன் விபத்தில் போன பிறகு, கூலி வேலை முடிந்த இரவுகளில் அவள் கசிப்புக் குடித்தது எனக்கும் தெரியும், அயலுக்கும் தெரியும். கசிப்புக் காய்ச்சி விற்றவன் கோயில் திருவிழாவில் முன்வரிசையில் நிற்கிறான். வசை முழுவதும் இவளுக்கு.

அடுத்த முறை அவளையும் கூட்டிப்போனேன். டொக்டர் என்னையும் பிள்ளையையும் வெளியே அனுப்பிவிட்டார். குடித்தாயா என்று அவர் கேட்கவில்லை என்று தங்கை பிறகு சொன்னாள். “வயிற்றில் பிள்ளை என்று தெரிவதற்கு முந்திய மாதங்களில், கிழமைக்கு எத்தனை நாள்?” என்று, சாப்பாட்டைப் பற்றிக் கேட்பதுபோலக் கேட்டாராம். அவள் சொன்னாள். கள்ளைச் சொல்லாமல் விட்டிருக்கிறாள். கள்ளு உடம்புக்குக் குளிர்ச்சி என்றுதானே எங்களுக்குப் பழக்கம். அவரே அதையும் கேட்டு எழுதிக்கொண்டார். கள்ளானாலும் கசிப்பானாலும் பியரானாலும் உள்ளே இருப்பது எதனோல் என்ற மதுசாரம்தான், நஞ்சுக்கொடி அதைத் தடுக்காது, இவ்வளவு குடித்தால் ஆபத்தில்லை என்று ஓர் அளவும் அறியப்படவில்லை என்றார்.

உளவியலாளரின் பரிசோதனைகள் அதன் பிறகு நடந்தன. ஞாபகம், கவனம், திட்டமிடல் மூன்றிலும் கடும் குறை. பேச்சு நன்றாக இருந்தது. இத்தனை காலம் எல்லோரையும் ஏமாற்றியது அந்தப் பேச்சுத்தான்.

குணமாக்க மருந்து இல்லை. ஒரு நேரத்தில் ஒரே ஒரு வேலை சொல்ல வேண்டும், சொன்னதைப் படமாக வரைந்து சுவரில் ஒட்ட வேண்டும் என்றார்கள். இப்போது சமையலறைச் சுவரில் பல்துலக்கும் பையன் ஒருவன் இருக்கிறான், அவனே வரைந்தது.

புறப்படும்போது டொக்டரிடம் இரண்டு கடிதங்கள் கேட்டு வாங்கினேன். காரணம் எழுதியது கோப்பில் இருக்கிறது. அதிபரிடம் கொடுத்ததில், பிள்ளைக்கு வகுப்பில் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும்தான்.