லேசருக்கு அப்புறம் "தண்ணீர் நார்மல்" என்றால் நம்பிவிடாதீர்கள்

இரட்டைப் பிள்ளைகள் வயிற்றில் இருக்கும்போதே எனக்கு லேசர் சிகிச்சை நடந்தது, அதற்கு முன்னும் பின்னும் பட்டதை எழுதுகிறேன். பன்னிரண்டாவது வார ஸ்கேன் ரிப்போர்ட்டை இப்போது எடுத்துப் பார்த்தாலும் எரிச்சல்தான் வருகிறது. இரட்டைக் கரு, இரண்டுக்கும் இதயத்துடிப்பு இருக்கிறது, அவ்வளவுதான். நஞ்சு (நஞ்சுக்கொடி) ஒன்றா இரண்டா என்று ஒரு வரி இல்லை. 11 முதல் 14 வாரத்துக்குள் பார்த்தால் அது தெளிவாகத் தெரியும், நாள் போகப் போகக் கஷ்டம். ஒரே நஞ்சு என்று எழுதியிருந்தால் 16ஆவது வாரத்திலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஸ்கேன் பார்த்திருப்போம். 19ஆவது வாரத்தில் ஒரே வாரத்துக்குள் வயிறு பானை மாதிரி ஆகி, படுத்தால் மூச்சு முட்டியபோதுகூட, "ரெட்டைப் பிள்ளைன்னா அப்படித்தான்" என்றார் அத்தை. நானும் நம்பினேன்.

திருச்சிக்குப் போய் எடுத்த ஸ்கேனில் ஒரு பிள்ளையைச் சுற்றி நீரின் ஆழம் 10 செ.மீ. இன்னொன்றைச் சுற்றி 1 செ.மீ. கூட இல்லை, அதன் சிறுநீர்ப்பையும் தெரியவில்லை. இரண்டாம் நிலை டிடிடிஎஸ் (TTTS), உடனே சென்னைக்குப் போங்கள் என்றார்கள். ஒரே நஞ்சைப் பகிரும் இரட்டையரில் ஒன்றின் ரத்தம் குழாய்கள் வழியாக இன்னொன்றுக்குப் போய்விடுவதுதான் அது. ஸ்கேன்காரர்களுக்கு அவர்கள் ட்வின் ஏ, ட்வின் பி. எங்களுக்கு அன்றிலிருந்து நீர் நிறைய இருந்தது குண்டு, மற்றது ஒல்லி.

ராத்திரி ரயிலில் கிளம்பி விடிகாலை எழும்பூரில் இறங்கி, யாரோ சொன்ன பெரிய மருத்துவமனைக்குப் போனோம். ஏழு மணிக்குப் போட்ட டோக்கனுக்கு ஒரு மணிக்குக் கூப்பிட்டார்கள். "இங்கே ஊசி போட்டுக் கூடுதல் நீரை எடுத்துவிடலாம், லேசர் வசதி இல்லை." இதை ரிசப்ஷனிலேயே சொல்லியிருக்கலாம். கிளம்பும் முன் போன் செய்து, "டிடிடிஎஸ்ஸுக்கு ஃபீட்டோஸ்கோப்பி லேசர் (கருப்பைக்குள் குழாய் விட்டுச் செய்யும் லேசர்) நீங்களே செய்கிறீர்களா, இந்த வாரம் டாக்டர் ஊரில் இருக்கிறாரா" என்று இரண்டையும் கேளுங்கள். "ட்வின்ஸ் பார்க்கிறீர்களா" என்று கேட்டால் எல்லோரும் பார்க்கிறோம் என்றுதான் சொல்வார்கள்.

அடுத்த இடத்தில் லேசர் இருந்தது, என் ஆதார் இல்லை. கர்ப்பிணிக்கு எந்த ஸ்கேன் எடுத்தாலும் ஃபார்ம் எஃப் என்ற படிவம் நிரப்ப வேண்டும் என்பது சட்டம், அது தெரியும். ஆனால் கார்டு புதுக்கோட்டையில் பீரோவுக்குள். என் கணவர் தன் கார்டை நீட்டினார். "கர்ப்பம் உங்களுக்கா சார்?" என்றார் கவுண்டர் அம்மா. கொழுந்தன் வாட்ஸ்அப்பில் படம் அனுப்பினான். போனில் காட்டினால் ஆகாது, பேப்பரில் வேண்டுமாம். அவர் ஜெராக்ஸ் கடை தேடி ஓடினார். உட்கார நாற்காலி இல்லாமல் நான் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அசல் ஆதார், நான்கு நகல், பழைய ஸ்கேன் ரிப்போர்ட் எல்லாம் ஒரே பையில் இருக்கட்டும்.

லேசர் மறுநாள் காலை நடந்தது. நஞ்சின்மேல் இருவரையும் இணைக்கும் ரத்தக்குழாய்களைச் சுட்டு அடைத்தார்கள், இரண்டு லிட்டருக்குக் கிட்டத்தட்ட நீர் எடுத்தார்கள். மறுநாள் இரண்டு இதயமும் துடித்தன. நான் அழுததைத் தவிர அதில் சொல்ல ஒன்றுமில்லை.

சிக்கல் வீட்டுக்கு வந்த பிறகுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் வாரம் ஒருமுறை ஸ்கேன் என்று போட்டு, அதற்குக் கீழே பொடி எழுத்தில் எம்சிஏ டாப்ளர் (பிள்ளையின் மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகத்தைப் பார்ப்பது) என்று ஒரு வரி. ஊரில் நான்கு வாரம் பார்த்தார்கள். நான்கு வாரமும் "ரெண்டுக்கும் தண்ணி நார்மல், போயிட்டு வாங்க". டாப்ளர் எடுக்கவே இல்லை. எனக்கும் கேட்கத் தெரியவில்லை.

26ஆவது வாரம் சென்னையில் எடுத்தபோது குண்டுக்கு மூளை ரத்தக்குழாயில் ரத்தம் ஓடும் வேகம், அந்த வாரத்துக்கு இருக்க வேண்டியதைப் போல 1.5 மடங்கைத் தாண்டியிருந்தது. அதாவது ரத்தசோகை. ஒல்லிக்கு வேகம் குறைவு, ரத்தம் கெட்டியாகிக்கொண்டிருக்கிறது. இதற்குப் பெயர் டேப்ஸ் (TAPS) என்றார்கள். சுட்டதில் தப்பிய மயிரிழை போன்ற குழாய்கள் வழியாக ரத்தம் மெல்லக் கசியுமாம். அதில் நீரின் அளவு மாறாது, அதனால் தண்ணீரை மட்டும் பார்ப்பவர்கள் கண்ணில் படாது. லேசருக்கு அப்புறம் வரும் டேப்ஸில் பெரும்பாலும் இப்படித் தலைகீழாகத்தான் நடக்குமாம். அதுவரை வாங்கிக்கொண்டிருந்தது கொடுக்க ஆரம்பிக்கும்.

சுட்ட புள்ளிகளுக்கு நடுவிலும் கோடு இழுத்த மாதிரி சுட்டுவிடும் முறைக்கு சாலமன் என்று பெயர். 2014இல் வெளியான ஐரோப்பிய ஆய்வில் அந்த முறையில் டேப்ஸ் 3 சதவீதம், பழைய முறையில் 16. எனக்கு எந்த முறை என்று சம்மரியில் இல்லை. கேட்டபோது, "அதெல்லாம் டெக்னிக்கல்மா" என்றார் ஜூனியர் டாக்டர். டெக்னிக்கல்தான், என் வயிற்றில் நடந்த டெக்னிக்கல்.

அப்புறம் தாம்பரத்தில் சித்தி வீட்டோடு தங்கிவிட்டேன். வாரம் இரண்டு ஸ்கேன். 30ஆவது வாரம் ராத்திரி இரண்டு மணிக்குப் படுக்கை நனைந்தது. சிறுநீர் என்று நினைத்து அரை மணி நேரம் வீணாக்கினேன். லேசருக்குத் துளை போட்ட வயிற்றில் பனிக்குடம் சீக்கிரம் உடைவது சாதாரணமாம். நனைந்தால் யோசிக்காமல் பேடு வைத்துக்கொண்டு கிளம்புங்கள். நுரையீரலுக்கான ஊசி, மூளையைக் காக்கும் மெக்னீசியம், சிசேரியன்.

இரண்டும் பெண். 1.35 கிலோவும் 1.1 கிலோவும். ஒன்று சுண்ணாம்பு மாதிரி வெளிறி, ஒன்று செம்பருத்தி மாதிரி. ஹீமோகுளோபின் 10, 19.5. குண்டுக்கு அன்றே ரத்தம் ஏற்றினார்கள். ஐந்து வாரம் என்ஐசியூ. இப்போது ஒல்லிதான் எடை கூடுதல், பெயரை மாற்றத்தான் யாருக்கும் மனசில்லை.

காப்பீட்டுக்காரர்கள் லேசரை "பிரசவச் செலவு" என்று சொல்லித் தள்ளிவிட்டார்கள். 19ஆவது வாரத்தில் என்ன பிரசவம்? புகார் கொடுத்து 30 நாள் ஆகியும் பதில் இல்லை. நேற்று காப்பீட்டுக் குறைதீர்ப்பாளருக்கு மனு எழுதி முடித்தேன். பன்னிரண்டாவது வார ரிப்போர்ட்டையும் வைத்திருக்கிறேன். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்கிறார் அவர். இருக்கட்டும், யாராவது படிக்கட்டும்.