வார்லி சர்ச்சும், நோர்வூட் பக்கம் ஒரு தகரக்கூரை ஆலயமும்

டிக்கோயா வார்லி சர்ச்ச போட்டோவுலயாவது பாக்காத ஆளு இலங்கை மலையகத்துல குறைவுதான். 1878ல கருங்கல்லுல கட்டினது, கீழ காசல்ரீ நீர்த்தேக்கத்து தண்ணி, சுத்தி தேயிலை. இந்த தவக்காலத்துல எங்க சபையில வேன் புடிச்சு கண்டியில இருந்து கினிகத்தேனை வழியா போனோம், அட்டன் டவுன தாண்டுறதுக்குள்ளயே போதும் போதும்னு ஆயிருச்சு, சிவனொளிபாதமலை சீசன் இல்லையா, எங்க பாத்தாலும் யாத்திரை பஸ்ஸுதான்.

உள்ள முழங்கால் போட்டு தமிழ்லயே பாடி செபம் பண்ணினோம். கலர் கண்ணாடி ஜன்னல், பழைய ஆர்கன், எல்லாம் அழகுதான், ஒண்ணும் சொல்றதுக்கில்ல. ஆனா வெளிய வந்து கல்லறைங்கள பாத்தா வெள்ளைக்கார தோட்டத் தொரமார் பேருங்கதான், அந்த மலைய வெட்டி தேயில வச்ச நம்ம பாட்டன் பூட்டன் எங்க பொதஞ்சாங்கன்னு கேட்டா யாருக்கு தெரியும்? 1854லயே சிஎம்எஸ்ங்கிற இங்கிலாந்து மிஷன் சங்கத்து காரங்க தோட்டத்து ஆளுங்களுக்குன்னு தமிழ் கூலி மிஷன் ஆரம்பிச்சாங்க, உபதேசிமாரு தோட்டம் தோட்டமா போய் வசனம் சொன்னாங்க, பள்ளிக்கூடம் வச்சாங்க, அது பெரிய காரியம்தான், மறுக்கல. ஆனா அதுக்கு தொரமாரும் காசு போட்டாங்க. காசு போடுறவங்க தொரன்னா லயத்து (தொழிலாளிங்க குடியிருக்கிற வரிசை வீட்டு) கஷ்டத்த சத்தமா எப்படி பேசுறது? இது என்னோட கேள்வி, எங்க வேன்லயே ரெண்டு பேரு இதுக்கு என்னோட சண்டைக்கு வந்தாங்க.

மத்தியானம் நோர்வூட் தாண்டி ஒரு தோட்டத்துக்குள்ள இருக்கிற சின்ன ஆலயத்துக்கு போனோம். தகரக்கூரை, பத்து வாங்கு, சபைன்னு பாத்தா இருபது குடும்பம் இருந்தா பெரிசு. எனக்கு சாமி தரிசனம்னா இங்கதான் கெடச்சிச்சு. ஏன்னா அங்க இருக்கிற ஃபாதர் தனியா ஒண்ணுமே செய்யல. ஓ/எல் சோதனை எழுதுற புள்ளைங்களுக்கு பின்னேர வகுப்பு நடக்குது, ஆனா நடக்கிறது ஆலயத்துல இல்ல, மாரியம்மன் கோயில் மண்டபத்துல, இடம் அங்கதான் இருக்கு. லைட் பில்லு கோயில் கமிட்டி, கொப்பி புத்தகம் சபை, பிளேன்டியும் ரொட்டியும் லயத்து அம்மாமாரு முறை போட்டு. பொறப்பு பத்திரம் இல்லாத ஆளுங்க இன்னும் இருக்காங்க, அது இல்லாம அடையாள அட்டையும் எடுக்க முடியாது, அதுக்கு கிராம சேவகரையும் டிஎஸ் ஒபிஸ் (பிரதேச செயலகம்) ஆளுங்களையும் ஒரு நாள் தோட்டத்துக்கே வரவச்சிருக்காரு. பேரு குடுக்கிறதுக்காக ஒரு நாள் சம்பளத்த விட்டுட்டு டவுனுக்கு போக வேண்டியதில்ல பாருங்க, அதுதான் விஷயமே.

கோயில் கமிட்டி ஐயா ஒருத்தரு எங்ககூட உக்காந்து தேத்தண்ணி குடிச்சாரு. "மொதல்ல எங்களுக்கு பயந்தான் தம்பி, வகுப்புன்னு சொல்லி புள்ளைங்கள கிறிஸ்தவ வேதத்துக்கு இழுத்துருவாங்களோன்னு. ஃபாதர் வந்து எங்க ஆளுங்க முன்னுக்கே சொன்னாரு, வகுப்புல செபமும் இல்ல திருநீறும் இல்ல, கணக்கு மட்டும்தான்னு." ஃபாதருக்கு பிரச்சினை அதுக்கப்புறந்தான், சொந்த சபையிலயே செபம் இல்லாத வகுப்புக்கு நம்ம காணிக்கை எதுக்குன்னு கேட்டிருக்காங்க. அவரு விட்டுக்குடுக்கல. நான் அவரு பக்கம்தான்.

2025 நவம்பர்ல டித்வா புயல் வந்து மலை சரிஞ்சப்போ இந்தப் பழக்கந்தான் கை குடுத்திருக்கு. யாரு எந்த லயத்துல, எந்த வீட்டுல கர்ப்பிணி, எந்த வீட்டுல நடக்க முடியாத பாட்டின்னு வகுப்பு அம்மாமாருக்கு ஏற்கனவே தெரியும், லிஸ்ட்டு போட வேண்டிய வேலையே இல்ல. ஆலயத்துல பாதி ஆளு, கோயில் மண்டபத்துல பாதி ஆளு, சமையல் ஒரே அடுப்புல. கீழ சிங்கள கிராமத்துல இருந்தும் அரிசி வந்திருக்கு. இயேசு சபை குருவானவர் ஃபாதர் போல் கஸ்பர்ஸ் 1972ல கண்டியில சத்யோதயங்கிற சமூக நிலையத்த தொடங்கினப்போ கிராமத்து சிங்கள ஆளையும் தோட்டத்து தமிழ் ஆளையும் ஒண்ணா உக்கார வைக்கணும்னுதான் பாடுபட்டாரு, இந்த ஃபாதரும் அந்தக் கதைய எங்களுக்கு சொன்னாரு. ஆனா எல்லாம் சரியாயிருச்சுன்னு நெனச்சிராதீங்க, மேல் லயத்து சனங்க ஆபத்தான எடம்னு சொன்ன அதே எடத்துக்கு திரும்பி வந்துட்டாங்க, வேற எடம் குடுத்தாத்தானே போவாங்க. காணி விஷயத்துல சபையும் கோயிலும் சேந்து கடதாசி எழுதலாம், குடுக்க வேண்டியது அரசாங்கமும் தோட்டக் கம்பனியும்.

கெளம்புறப்போ எங்க அக்கா ஒருத்தங்க அடுத்த தடவை பழைய உடுப்பு கொஞ்சம் சேத்து கொண்டு வாறோம் ஃபாதர்னு சொன்னாங்க. உடுப்பு ரூம் நெறஞ்சு கெடக்குதும்மா, சனிக்கிழமையில வந்து தமிழ்ல கணக்கு சொல்லிக்குடுக்கிற ஆளு ஒருத்தர் கெடைப்பாங்களான்னு கேட்டாரு. கண்டி, அட்டன் பக்கம் யாராவது கணக்கு டீச்சர் இத படிச்சீங்கன்னா சொல்லுங்க, பஸ் காசு எங்க சபை தரும்.