108 அழைப்புப் பதிவைக் கேட்டு வாங்கப் போகிறவர்களுக்கு

ஆம்புலன்ஸ் தாமதம் என்ற கோபத்தில் நேராகப் புகார் எழுத உட்காராதீர்கள். அதற்கு முன்னால் ஒரு கடிதம் போக வேண்டும். "இந்தத் தேதியில், இந்த நேரத்தில், இந்த எண்ணிலிருந்து வந்த அழைப்பின் ஒலிப்பதிவையும் வண்டி ஒதுக்கிய விவரத்தையும் அழிக்காமல் வைத்திருக்கவும்." நாலு வரி போதும். ஸ்பீட் போஸ்டில் அனுப்பி ரசீதைப் பத்திரப்படுத்துங்கள். பதிவு போய்விட்டால் வழக்கும் போச்சு.

கடிதம் எங்கே போக வேண்டும் என்பதில்தான் எனக்கு ஒரு நாள் வீணானது. கடலூரில் ஒரு அலுவலகத்தில் மதியம் வரை உட்கார வைத்துவிட்டு, "ரெக்கார்டிங் எல்லாம் மெட்ராஸ்ல சார், இங்க வண்டி மட்டும்தான்" என்றார்கள். அதைக் காலையிலேயே சொல்லியிருக்கலாம். தமிழ்நாட்டு 108 அழைப்புகளை எடுக்கும் கட்டுப்பாட்டு அறை சென்னையில் இருக்கிறது. மாவட்டத்தில் கிடைப்பது வண்டியின் லாக் புக், அதில் போன மருத்துவ உதவியாளர் எழுதிய நோயாளி பராமரிப்புப் படிவம், அவ்வளவுதான்.

அடுத்து, பதிவை வாங்கத் தகவல் உரிமைச் சட்டத்தில் மனு. அதற்கு 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப். ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டினால் மனு அப்படியே திரும்பி வரும். அழைத்தவர் பெயரிலேயே மனுப் போடுங்கள், அழைத்த செல்போன் எண்ணையும் எழுதுங்கள். வேறு யாராவது கேட்டால் "மூன்றாம் நபரின் தனிப்பட்ட விவரம்" என்று கதவைச் சாத்துவார்கள். நோயாளி இறந்திருந்தால் வாரிசுச் சான்றின் நகலும் வேண்டும்.

எனக்கு வந்த பதில் இது: "பதிவுகள் ஒப்பந்த நிறுவனத்திடம் உள்ளன, இவ்வலுவலகத்தில் இல்லை." இதைப் பார்த்துச் சோர்ந்து போகிறவர்கள்தான் அதிகம். தகவல் உரிமைச் சட்டத்தின் 2(j) பிரிவைப் படியுங்கள். அரசு அலுவலகத்தின் கையில் இருப்பது மட்டுமல்ல, அதன் கட்டுப்பாட்டில் இருப்பதும் தகவல்தான். வேறு அலுவலகத்துக்கு உரியது என்றால் 6(3)-ன்படி 5 நாளுக்குள் அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். இந்த இரண்டையும் எழுதி 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு போட்டேன், சிடி வந்தது. அடுத்த கட்டமும் தேவைப்பட்டால் கடலூர்க்காரர்களுக்குச் சென்னையில் மாநிலத் தகவல் ஆணையம், புதுச்சேரிக்காரர்களுக்கு டெல்லியில் மத்தியத் தகவல் ஆணையம். கடலூர் எல்லையை ஒட்டிய புதுச்சேரி ஊர்களான முள்ளோடை, பாகூர் பக்கத்திலிருந்து பேசியிருந்தால் அழைப்பு எந்தக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள். தவறான ஆணையத்தில் போட்டால் மாதக்கணக்கில் போகும்.

சிடியைப் போட்டுக் கேட்கும்போது, அழைப்பு எடுத்தவரின் குரல் கடுமையாக இருந்ததா என்பதை விடுங்கள். அவர் உங்களிடம் என்ன விசாரித்தார், எதை விசாரிக்கவில்லை என்று பாருங்கள். புதுக்குப்பம் என்றால் பாகூர் பக்கமும் ஒன்று இருக்கிறது, பரங்கிப்பேட்டை பக்கமும் ஒன்று இருக்கிறது. எந்தத் தாலுகா, பக்கத்தில் என்ன கோயில், என்ன பள்ளி என்று கேட்காமல் வண்டியை அனுப்பியிருந்தால் அது கவனக்குறைவுக்கான ஆதாரம். கேட்டு, நீங்கள் பதற்றத்தில் மாற்றிச் சொல்லியிருந்தால் அது அவர்கள் பக்கத்து ஆதாரம். பிறகு ஒரு தாளில் ஐந்து நேரங்களை எழுதுங்கள்: அழைப்பை எடுத்தது, வண்டி ஒதுக்கியது, வண்டி கிளம்பியது, இடத்துக்கு வந்தது, மருத்துவமனையில் சேர்ந்தது. முதல் இரண்டுக்கும் நடுவில் இடைவெளி இருந்தாலோ, மேலே சொன்னபடி இடத்தை விசாரிக்காமல் அனுப்பியிருந்தாலோதான் அழைப்பு எடுத்தவரின் பொறுப்பு. மற்றவை வண்டி, சாலை, மருத்துவமனை சம்பந்தப்பட்டவை. கடைசி நேரத்துக்கு லாக் புக்கை மட்டும் நம்பாதீர்கள். புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனைக்குக் கொண்டுபோயிருந்தால் அங்கே தனியாக மனுப் போட்டு அவசரப் பிரிவுப் பதிவேட்டு நேரத்தையும் வாங்கிச் சரிபாருங்கள்.

அடுத்து, "கன்ஸ்யூமர் கோர்ட்டில் போடலாம்" என்று சொல்கிறவர்கள். 108 இலவசம். 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 2(42) இலவசச் சேவையைச் சேவைக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. எல்லோருக்கும் இலவசமாகத் தரும் மருத்துவ சேவை இதில் வராது என்று உச்ச நீதிமன்றமும் 1995-ல் வி.பி. சாந்தா வழக்கில் சொல்லிவிட்டது. காசு வாங்கிய தனியார் ஆம்புலன்ஸ் என்றால் தாராளமாகப் போகலாம், 2 வருடத்துக்குள்.

108 விஷயத்தில் வழி, அரசியலமைப்புச் சட்டத்தின் 226-வது பிரிவின் கீழ் உயர் நீதிமன்றத்தில் ரிட் மனு. கையில் பிடித்துக்கொள்ள வேண்டிய தீர்ப்பு, உச்ச நீதிமன்றத்தில் 1996-ல் வந்த பஸ்சிம் பங்கா கேத் மஸ்தூர் சமிதி வழக்கு. ரயிலிலிருந்து விழுந்தவரை அரசு மருத்துவமனைகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பியது உயிர் வாழும் உரிமையைத் தரும் 21-வது பிரிவை மீறிய செயல் என்று சொல்லி 25,000 ரூபாய் கொடுக்க வைத்தார்கள். ஆம்புலன்ஸ் ஏற்பாடும் மையத் தகவல் தொடர்பும் வேண்டும் என்று அதிலேயே இருக்கிறது.

போனை எடுத்த பையனை எதிர்மனுதாரராகச் சேர்க்கத் துடிப்பார்கள். வேண்டாம். வேலை நேரத்தில் செய்ததற்கு அவரை வைத்திருக்கும் நிறுவனமும் அரசும்தான் பதில் சொல்ல வேண்டும், பணமும் அங்கேதான் இருக்கிறது. கிரிமினல் வழக்கு அதைவிடக் கடினம். ஐபிசிக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கான 106(1)-ல், சிகிச்சையின்போது நடந்ததற்குப் பதிவு பெற்ற மருத்துவர்களுக்கு உச்ச தண்டனை 2 வருடம், மற்றவர்களுக்கு 5 வருடம். அழைப்பு எடுப்பவர் பதிவு பெற்ற மருத்துவர் இல்லை என்பதால் அவருக்கு 5 வருடக் கணக்குதான். அதனாலேயே சாதாரணத் தவறுக்கு அதை நீட்ட நீதிமன்றம் யோசிக்கும் என்பது என் கணிப்பு.

கடைசியாக, சிடி வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63(4)-ன்படி சான்று இல்லாவிட்டால் அது கோர்ட்டில் ஏறாது. அந்தச் சான்று, கோப்பு மாற்றப்படவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு, ஏ, பி என்று இரண்டு பகுதியாக இருக்க வேண்டும். தகவல் உரிமையில் வந்த சிடியோடு எனக்குச் சான்று வரவில்லை. கேட்டும் தராவிட்டால், தரச் சொல்லி உத்தரவிடும்படி நீதிமன்றத்திலேயே மனுப் போடலாம். 2020-ல் உச்ச நீதிமன்றத்தின் அர்ஜுன் பண்டிட்ராவ் தீர்ப்பு அதற்கு இடம் கொடுக்கிறது.