வாட் கூட்டிய கை

பத்தொன்பது ஆண்டுகள், நாளொன்றுக்குப் பன்னிரண்டு சிகரெட் என்ற கணக்கில் புகைத்துவந்த நான், சென்ற ஆண்டு மார்ச் மாதத்தில் அதை விட்டுவிட்டு மின்சிகரெட்டுக்கு, இங்குள்ளவர்கள் வேப் என்று சொல்லும் கருவிக்கு, மாறினேன். வசிப்பது கிழக்கு லண்டனில் என்பதால் கடைக்குப் போய் வாங்கிவருவதில் சிரமம் ஏதும் இல்லை. வாங்கிய கருவியின் வாட் அளவை, அதாவது அது திரவத்தைச் சூடாக்கும் வலுவை, எந்த எண்ணில் நிறுத்துவது என்பதுதான் ஒரு மாதம் என்னை அலைக்கழித்தது. தொடங்கும்முன் இரண்டு விஷயங்களைச் சொல்லிவிடுகிறேன். இந்தியாவில் இக்கருவியின் உற்பத்தி, இறக்குமதி, விற்பனை, இருப்பு எல்லாமே 2019ஆம் ஆண்டுச் சட்டத்தால் தடை செய்யப்பட்டவை. ஊருக்குப் போகும்போது நானும் இதை வீட்டிலேயே வைத்துவிட்டு, 2 மில்லிகிராம் நிக்கோட்டின் சூயிங்கத்தோடுதான் விமானம் ஏறுகிறேன். புகைப்பழக்கமே இல்லாதவர்களுக்கு இந்தக் கருவியால் கிடைக்கப்போவது ஒரு புதிய அடிமைத்தனம் மட்டுமே என்பதால், அவர்களுக்காக நான் இதை எழுதவில்லை.

என்னுடையது சட்டைப்பைக்குள் அடங்கும் சிறிய கருவி. 5 வாட்டிலிருந்து 40 வாட் வரை ஏற்றலாம். அதற்குள் பொருத்துவது காயில்; திரவத்தைச் சூடாக்கி ஆவியாக்கும் கம்பிவலையும் அதைச் சுற்றிய பஞ்சும் கொண்ட சிறு பாகம் அது. என்னுடைய காயிலின் மின்தடை 0.8 ஓம். காயிலின் பக்கவாட்டில், கண்ணாடி போட்டுக்கொண்டால்தான் தெரியும் அளவுக்குச் சிறிய எழுத்தில், 12 முதல் 16 வாட் வரை என்று அச்சிட்டிருந்தது. சிகரெட்டை விட்ட முதல் வாரம் அது. மனமும் உடலும் வேறொன்றைக் கேட்டுத் துடித்துக்கொண்டிருந்தன. 16இல் இழுத்தும் போதவில்லை என்று தோன்றியதால், கொஞ்சம் கூட்டினால் என்ன ஆகிவிடும் என்று 20க்குக் கொண்டுபோனேன். முதல் இரண்டு இழுப்பும் கனமாக, சூடாக, கிட்டத்தட்டப் பழைய நாள்களைப் போலவே இருந்தன. நான்காவது இழுப்பில் அடிப்பிடித்த பாலின் வாடை மூக்கில் ஏறியது. ஐந்தாவதில் தொண்டையை யாரோ உப்புத்தாள் கொண்டு தேய்த்ததுபோல ஓர் எரிச்சல். இருமி முடிக்க இரண்டு நிமிடம் ஆனது. அந்த வாரத்தில் மட்டும் மூன்று காயில்களைக் கருக்கினேன். ஒன்றைக் கழற்றிக் குறடால் பிரித்துப் பார்த்தபோது, வெள்ளையாக இருக்க வேண்டிய பஞ்சின் நடுப்பகுதி தேநீர்த்தூளின் நிறத்துக்கு மாறி, வலைக்கம்பியை ஒட்டிய இடத்தில் தொட்டாலே உதிர்ந்தது.

ஏன் இப்படி ஆகிறது என்பதைப் புரிந்துகொண்ட பிறகுதான் அந்த எண்களுக்குப் பொருள் கிடைத்தது. பொத்தானை அழுத்தியதும் பேட்டரியின் மின்சாரம் வலைக்கம்பியின் வழியாகப் பாய்ந்து அதைச் சூடாக்குகிறது. கம்பியைச் சுற்றியுள்ள பஞ்சு உறிஞ்சி வைத்திருக்கும் திரவம் ஆவியாகிறது. அந்தத் திரவத்தில் பெரும்பகுதியாக உள்ளவை இரண்டு: 188 பாகை செல்சியசில் கொதிக்கும் புரொப்பிலீன் கிளைக்கால், 290 பாகையில் கொதிக்கும் கிளிசரின். பஞ்சு ஈரமாக இருக்கும்வரை வெப்பம் திரவத்தை ஆவியாக்குவதிலேயே செலவாகிவிடுவதால், கம்பியின் சூடு ஓர் எல்லையைத் தாண்டுவதில்லை. ஆவியாகும் வேகத்துக்கு ஈடாகப் பஞ்சு திரவத்தை இழுத்துத் தர முடியாமல் போகும் கணத்தில் அந்த எல்லை உடைந்து, பஞ்சே வேகத் தொடங்குகிறது. 0.8 ஓம் காயிலில் 20 வாட் என்றால் 4 வோல்ட் அழுத்தத்தில் 5 ஆம்பியர் பாய்கிறது. நகக்கண் அளவுள்ள ஒரு கம்பிவலைக்கு அது குறைந்த சூடல்ல. 0.15 ஓம் காயில்கள் 60, 70 வாட்டைச் சாதாரணமாகத் தாங்குகின்றனவே என்று கேட்கலாம். அவற்றின் கம்பிப் பரப்பும், பஞ்சின் அளவும், காற்று நுழையும் துளையும் பல மடங்கு பெரியவை.

கருகல் சுவையைப் பொறுத்துக்கொண்டு இழுப்பது வீரமல்ல. 2015இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழில் வெளிவந்த ஓர் ஆய்வுக் கடிதம், மின்சிகரெட் ஆவியில் 3.3 வோல்ட்டில் தென்படாத, நச்சான ஃபார்மால்டிஹைடை வெளிவிடும் சேர்மங்கள் 5 வோல்ட்டில் கணிசமாக உருவானதாகச் சொன்னது. அந்தக் கருவியை 5 வோல்ட்டில் வைத்தால் எந்த மனிதனாலும் தொடர்ந்து இழுக்கவே முடியாது என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். எனக்கு இரு தரப்பும் ஒரே இடத்தைத்தான் சுட்டிக்காட்டுவதாகத் தோன்றுகிறது: நாக்கு வேண்டாம் என்று சொல்லும் இடத்தில் கையை எடுத்துவிட வேண்டும்.

என் சிக்கலை அவிழ்த்தவர், எங்கள் நகராட்சி இலவசமாக நடத்தும் புகைநிறுத்தச் சேவையின் ஆலோசகர். எத்தனை வாட் என்று அவர் கேட்கவே இல்லை. திரவக் குப்பியைக் கொண்டுவந்திருக்கிறீர்களா என்றுதான் கேட்டார். குப்பியில் கிளிசரின் 70 சதவீதம், நிக்கோட்டின் மில்லிலிட்டருக்கு 3 மில்லிகிராம். கடைக்காரர் இனிப்பாக இருக்கும் என்று சொல்லிக் கொடுத்தது அது. பார்த்ததும் அவர் சிரித்துவிட்டார். அது பெரிய புகைமேகம் கிளப்பும் கருவிகளுக்கான திரவம். சிகரெட்டைப் போல முதலில் வாயில் நிறுத்திப் பிறகு உள்ளிழுக்கும் என் கருவிக்கு, புரொப்பிலீன் கிளைக்காலும் கிளிசரினும் சமபங்காகக் கலந்த, நீர்த்த திரவம் வேண்டும். பன்னிரண்டு சிகரெட் பிடித்தவருக்கு 3 மில்லிகிராம் எந்த மூலைக்குப் போதும் என்றும் கேட்டார். நிக்கோட்டின் போதாததால் நான் வாட்டைக் கூட்டிக்கொண்டே போயிருக்கிறேன்; கூட்டிய வாட்டுக்கு ஈடாக, கிளிசரின் மிகுந்த அந்தக் கெட்டித் திரவம் பஞ்சுக்குள் இறங்க முடியாமல் காயில் கருகியிருக்கிறது. பிரிட்டனில் சட்டம் அனுமதிக்கும் உச்ச அளவான 20 மில்லிகிராமில் தொடங்கி, பிறகு படிப்படியாகக் குறைக்கலாம் என்று எழுதிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து முறையாகத் தொடங்கினேன். புதிய காயிலின் பஞ்சில் நான்கைந்து சொட்டுத் திரவத்தை நேரடியாக விட்டு, டேங்கை நிரப்பி, பத்து நிமிடம் தொடாமல் வைத்தேன். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்தவர்கள் கருக்கிய காயில்களைச் சேர்த்தால் ஒரு மூட்டை தேறும். பிறகு 10 வாட்டில் ஆரம்பித்து, ஒவ்வொரு வாட்டிலும் ஐந்து இழுப்பு, இழுப்புக்கு இடையில் அரை நிமிடம் என்று ஏறினேன். 10இல் வெறும் ஈரக்காற்றுதான் வந்தது. 12இல் புதினாவின் சுவை தெரிந்தது. 13இல் ஆவி வெதுவெதுப்பாகி, தொண்டையில் ஒரு சிறு தட்டுத் தட்டி இறங்கியது. 14இல் அந்தத் தட்டு கீறலாக மாறியது; 15இல் இனிப்புக்குப் பின்னால் ஒரு காந்தல் எட்டிப்பார்த்தது. மறுபடி 13க்கு இறங்கினேன். காற்றுத் துளையைப் பாதி மூடியபின், கூட்ட வேண்டும் என்ற எண்ணமே எழவில்லை.

அந்த 13உம் நிலையானதல்ல. ஜனவரிக் குளிரில் மேலங்கிப் பையில் கிடந்த கருவியில் திரவம் கெட்டிப்பட்டுவிடுவதால், காலைப் பேருந்து நிறுத்தத்தில் 12 போதும். இழுப்புகளுக்கு இடையில் இன்னும் கொஞ்சம் பொறுக்கவும் வேண்டும். பத்து நாள் ஓடிய காயிலில் இனிப்பூட்டியின் கரி படிந்து சுவை மங்கும்போது, வாட்டைக் கூட்டி அதை மீட்கலாம் என்ற சபலம் கட்டாயம் வரும். மீளாது, காயிலைத்தான் மாற்ற வேண்டும்.

இந்த வாரம் 20 மில்லிகிராமிலிருந்து 10க்கு இறங்கியிருக்கிறேன். கட்டைவிரல் தானாகவே 14ஐத் தேடிப் போகிறது. பொத்தானை மூன்று முறை அழுத்தினால் அளவு மாறாதபடி பூட்டிக்கொள்ளும் வசதி கருவியில் இருப்பதை இப்போதுதான் கண்டுபிடித்தேன்.