அல்சூர் வள்ளுவரும் அயனாவரம் சர்வக்ஞரும்

1991 முதல் மூடியே கிடந்த பெங்களூர் அல்சூர் திருவள்ளுவர் சிலை 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்டபோது, நான்கே நாளில் சென்னை அயனாவரத்தில் கன்னடக் கவி சர்வக்ஞரின் சிலையும் திறக்கப்பட்டது. பெங்களூர்த் தமிழர்களாகிய நாங்கள் வள்ளுவருக்குத் தவறாமல் மாலை சூட்டுகிறோம்; சர்வக்ஞரைப் படித்தவர்களோ எங்களுள் சிலரே. மூன்றே அடிகளில், இறுதியில் தம் பெயரையே முத்திரையாக வைத்துப் பாடும் அவர், நடக்கும் நிலமும் குடிக்கும் நீரும் சுடும் நெருப்பும் ஒன்றாகவே இருக்க, நடுவில் குலமும் கோத்திரமும் எங்கிருந்து வந்தன என்று கேட்கிறார். 'பிறப்பொக்கும் எல்லா உயிர்க்கும்' என்னும் குறளைவிட இதில் சீற்றம் அதிகம் என்பேன். குறள் அன்பர்கள் பொறுத்தருள்க. வாடகைக்கு வீடு கேட்டுப் போனால், "நீங்க எந்த ஊர்ப்பக்கம், சைவமா?" என்று சாதியை நயமாகத் துருவும் இந்நகரில் வாழ்கிற நாங்கள், அடுத்த திருவள்ளுவர் நாளில் அந்த மூன்றடிகளையும் தமிழில் பெயர்த்துக் குறளோடு சேர்த்துப் படிக்கலாம்.