சாமியும் அறிவியலும் ஒரே மேசையில்

நம் தென்னாப்பிரிக்காவில் பன்னிரண்டாம் வகுப்பில் பரிணாமம் 2008 முதலே பாடம். ஆனாலும் டர்பனில் நம் வீடுகளில் வாக்குவாதம் ஓயவில்லை. "அப்போ சாமி பொய்யாப்பா?" என்று போன வாரம் மகள் கேட்டாள். பொய்யில்லை கண்ணு என்றேன். அதற்கு மேல் விளக்கத் தெரியவில்லை.

2015-இல் ஹோமோ நலேடி என்ற பழங்கால மனித இனத்தின் எலும்புகளை அறிவித்தபோதும் நாடு முழுக்க இதே கோபம்தான், குரங்கா நம் தாத்தா என்று. பரிணாமம் அப்படிச் சொல்லவே இல்லை. நமக்கும் சிம்பன்சிக்கும் பொதுவான மூதாதை உண்டு என்கிறது, அவ்வளவுதான். 1924-இல் டாவுங் சுண்ணாம்புக் குவாரியில் கிடைத்த அந்த ஆதி மனிதக் குடும்பத்துக் குழந்தையின் மண்டையோட்டை நினைத்தால் எனக்குக் கையெடுத்துக் கும்பிடத்தான் தோன்றுகிறது.

இதைப் பேசத்தான் சாட்ஸ்வர்த்தில் சின்னக் குழுவாகக் கூடுகிறோம். உயிரியல் ஆசிரியர், குருக்கள், பாஸ்டர் எல்லாரும் வருகிறார்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வாங்க. மாதக் கடைசி ஞாயிறு மாலை. இடம் வேண்டுமென்றால் கேளுங்கள், சொல்கிறேன்.